லாரா லாங்மனைத் தேடி ஒரு மாதச் சந்தா

நியூசிலாந்து வலைப்பந்தாட்ட அணியின் தலைவியாக இருந்த லாரா லாங்மனின் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன், பழைய பன்னாட்டு ஆட்டங்களைத் தொகுத்து வைத்திருக்கும் இணைய ஒளிபரப்புச் சேவை ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். சேவையின் பெயரை எழுதப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பாதி இவ்வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படம் தெளிவாக இருக்கிறது. வீராங்கனைகளின் மார்பில் உள்ள, ஆடும் இடத்தைக் குறிக்கும் எழுத்துகளைக் கைபேசியிலேயே படிக்க முடிகிறது. பத்து நொடி பின்னோக்கிச் செல்லும் பொத்தானும் தடங்கலின்றி வேலை செய்கிறது.

தேடல் பகுதியில்தான் ஏமாற்றம். லாங்மனின் பெயரை இட்டால் பெரும்பாலும் நான்கைந்து நிமிடச் சுருக்கக் காட்சிகளே வருகின்றன, அவற்றில் கோல்களைத் தவிர வேறொன்றும் இல்லை. வலைப்பந்தாட்டத்தில் கோல் எறியும் உரிமை அணிக்கு இருவருக்கு மட்டுமே உண்டு. லாங்மன் பெரும்பாலும் ஆடிய மைய இடத்தில் நிற்பவர் கோல் வட்டத்துக்குள் காலே வைக்கக் கூடாது. ஆகவே 2005இல் அறிமுகமாகி, 163 டெஸ்ட் (பன்னாட்டு) ஆட்டங்கள் ஆடி, 2020இல் ஓய்வை அறிவித்த ஒருவர், இந்தச் சுருக்கங்களில் வட்டத்தின் விளிம்பிலிருந்து பந்தை அனுப்பும் ஒரு கையாக மட்டுமே வந்து போகிறார். மட்டையாளரின் பவுண்டரிகளை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டு விக்கெட் காப்பாளரைத் தேடச் சொல்வது போன்றது இது.

முழு ஆட்டத்தைத் திறந்தபோதுதான் கட்டிய பணத்துக்குப் பொருள் கிடைத்தது. லிவர்பூலில் நடந்த 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை இரண்டு இரவுகளில் பார்த்தேன். மைய வட்டத்திலிருந்து பந்தை அனுப்பிய மறுகணமே லாங்மன் ஓடத் தொடங்கிவிடுகிறார். மூன்று நொடிகளுக்குள் பந்தை விட்டாக வேண்டும் என்பதால், தோழியின் கைக்குப் பந்து வந்து சேரும்போதே அடுத்துப் பந்து வாங்கும் இடத்தில் அவர் போய் நிற்கிறார். பந்து எதிரணியிடம் போனால் அதே வேகத்தில் திரும்பி ஓடிக் காவல் காக்கிறார். ஆனால் கேமரா பந்தையே துரத்துவதால் இவற்றில் பல சட்டகத்தின் ஓரத்தில்தான் நிகழ்கின்றன. பின்னோக்கிச் சென்று ஓரத்தை மட்டும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

தொகுப்பு போட்டிவாரியாக அடுக்கப்பட்டுள்ளதே தவிர, வீராங்கனைவாரியாக அல்ல. இதனால் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையை நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2007, 2011, 2015 என மூன்று உலகப் போட்டிகளின் இறுதியிலும் லாங்மனின் அணி ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. 2011இல் சிங்கப்பூரில் கூடுதல் நேரம் வரை போய் 57-58 என ஒரே கோலில் கோப்பை கைநழுவியது. லிவர்பூலில் அவர் தலைமையில் அதே ஆஸ்திரேலியாவை 52-51 என அதே ஒரு கோலில் வென்றார்கள். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மெய்சிலிர்க்கும் இந்த இரண்டு ஆட்டங்களையும் இணைக்கும் ஒரு சுட்டி கூடச் சேவையில் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வெற்றிடம். அந்தக் காலத்தில் அவர் ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங் அணிக்கு ஆடப் போயிருந்தார். உள்நாட்டுத் தொடரில் ஆடுபவர்களுக்கே தேசிய அணியில் இடம் என்பது அப்போது நியூசிலாந்தின் விதியாக இருந்தது. லைட்னிங் அந்த இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியத் தொடரின் பட்டம் வென்றது. அவர் இல்லாத நியூசிலாந்தோ 2018 காமன்வெல்த் போட்டியில் பதக்கமே இல்லாமல் திரும்பியது. லைட்னிங் அணியின் பயிற்சியாளராக இருந்த நோலீன் டவுருவாதான் பிறகு தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். 2019இல் லாங்மனும் அணிக்குத் திரும்பினார். இத்தனை விறுவிறுப்பான இடத்தைப் பற்றிச் சேவையில் ஒரு வரி விளக்கம் இல்லை. முன்கூட்டித் தெரியாதவர், அவர் காயம்பட்டிருந்தார் என்றே எண்ணிக்கொள்வார்.

முழு ஆட்டங்களைப் பொறுமையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு மாதம் போதும், ஆண்டுச் சந்தா தேவையில்லை. நியூசிலாந்து தங்கம் வென்ற 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் இறுதியாட்டம், இரண்டு முறை கூடுதல் நேரம் கண்டு 66-64இல் முடிந்தது, எனக்கு இன்னும் மீதியிருக்கிறது. அதை முடித்ததும் சந்தாவை நிறுத்திவிடுவேன்.