முதல் கேள்வியே நீ யார் என்பதுதான்

பாளையங்கோட்டையில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று வட்டத்தைத் தட்டுவதுதான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, 'பிளாக் டிரான்ஸ் ஆர்கைவ்' என்ற இணைய விளையாட்டு முதல் திரையிலேயே என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

டானியேல் பிராத்வைட்-ஷர்லி என்ற கறுப்பினத் திருநர் கலைஞர் 2020-இல் உருவாக்கியது. இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். விளையாட்டு என்கிறார்கள், ஆனால் பாயிண்ட் ஏறுவதோ எதிரியை அடிப்பதோ இதில் இல்லை. காட்சி ஓடும், நிற்கும், கேள்வி வரும். நாம் தட்டுகிற பதிலுக்கு ஏற்ப அடுத்த காட்சி. பதிவேடுகளில் பெயரே ஏறாமல் போன கறுப்பினத் திருநர்களுக்காக ஓர் ஆவணக் காப்பகம் என்பது இதன் எண்ணம்.

வாசலிலேயே கேட்டுவிடுகிறது: நீ கறுப்பினத் திருநரா, வேறு திருநரா, திருநர் அல்லாதவரா? ஆளுக்கொரு பாதை. நான் மூன்றாவதைத் தட்டினேன். உனக்கு இருக்கிற வசதியைக் கொண்டு எங்களுக்கு என்ன செய்வாய் என்கிற தோரணையில் நேராக விசாரணை. எனக்குச் சுருக்கென்றது. இடது காலில் போலியோ; மாடியில் இருக்கிற எந்த அலுவலகத்துக்கும் நான் போவதில்லை. "எனக்கு என்னக்கா பெரிய வசதி?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் திருநங்கை. மத்திய அரசின் திருநர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். (அதற்கான இணையதளமும் 2020-இல் திறந்ததுதான்.) "ஒன்னய வீட்ட விட்டு வெரட்டுனாவளாலே?" என்றார். இல்லை. "அப்பம் பதில் சொல்லு."

அப்புறம் அவர் முறை. "நானும் கறுப்புதானலே, எதத் தட்ட?" என்று சிரித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சொல்கிறார்கள் என்றேன். சரி என்று இரண்டாவதைத் தட்டினார். அவருக்கு வந்த காட்சிகள் வேறு. ஆங்கிலம்தான், நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "இது நம்ம ஊரு கத மாதியில்லா இருக்கு" என்றார். விண்ணப்பத்தை மறந்தே போனோம்.

படத் தரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய பிளேஸ்டேஷன் காலத்து முப்பரிமாண உருவங்கள், முழுதாக உருப்பெறாத முகங்கள், கோயில் கொடைக்குக் கட்டிய சீரியல் லைட் போலக் கண்ணைப் பறிக்கும் நிறங்கள். வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வழுவழுப்பாக இருந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவோம்.

என் பெரிய குறை இங்கேதான். அக்கா மகனுக்கு ஆட்டிசம். கடைக்குள் வந்தவன் இதன் சத்தத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். ஒளியையும் ஒலியையும் தணிக்க ஒரு பொத்தான் என் கண்ணில் படவில்லை. ஒதுக்கப்பட்டவர்களுக்காகச் செய்த படைப்பில் இது இருந்திருக்க வேண்டும். ஆனாலும், படிக்கட்டு ஏறாமல் ஒரு கலைக்கூடத்துக்குள் போய்வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதே கலைஞர் 2021-இல் லண்டனில் ஒரு துப்பாக்கி விளையாட்டைக் காட்சிக்கு வைத்தார். அதற்கெல்லாம் நான் எங்கே போக!

ஹெட்போன் போட்டுக் கணினியில் பாருங்கள். செல்போனில் எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆங்கிலம் தடுமாறுபவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டாலே கோபம் வருகிற ஆள் என்றால் விட்டுவிடுங்கள், பத்து நிமிடம் தாங்காது. அந்த அக்கா மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரவுசிங்குக்குக் காசு வாங்கவில்லை, விண்ணப்பத்துக்கு மட்டும் வாங்கினேன்.