நூறு நகைப் பெட்டிகள், எட்டு மாதம் கழித்து

நான் வெள்ளிக் கம்பியில் மணி கோர்த்துத் தோடு செய்து விற்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் பழுப்பு கிராஃப்ட் அட்டைப் பெட்டிகள் நூறு கொண்ட கட்டு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். நேற்று கடைசிப் பெட்டியும் போனது. மறுபடி வாங்குவேனா என்றால், பெட்டியை வாங்குவேன். உள்ளே வரும் கறுப்பு ஸ்பாஞ்ச் மெத்தை எனக்கு வேண்டாம்.

முதலில் பெட்டி. 9 சென்டிமீட்டர் சதுரம், 3 சென்டிமீட்டர் உயரம். தட்டையாக வருகிறது, நாம் மடித்துக்கொள்ள வேண்டும். மூடி இறுக்கமாக உட்காருகிறது. கூரியரில் போய்த் திரும்பி வந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தேன்; மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தது, நசுங்கவில்லை. பளபளப்பு இல்லாத அட்டை என்பதால் என் பெயர் முத்திரையின் மை கலையாமல் உடனே காய்ந்துவிடுகிறது. இதில் எனக்கு முழுத் திருப்தி.

மெத்தைதான் என்னைக் கலங்க வைத்தது. மூன்றாம் மாதம் ஒரு வாடிக்கையாளர் எழுதினார்: “அக்கா, பரிசா கொடுக்கலாம்னு ஒரு மாசம் பெட்டியிலேயே வச்சிருந்தேன். திறந்து பார்த்தா கறுத்துப்போச்சு.” புதுத் தோடு அனுப்பிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரே கம்பியில், ஒரே நாளில் மூன்று ஜோடி கொக்கி வளைத்தேன். ஒன்றை ஸ்பாஞ்ச் மேல் வைத்தேன், இன்னொன்றை வெறும் பஞ்சின் மேல். மூன்றாவதைப் பாலித்தீன் ஜிப் கவரில் போட்டு, கறுப்பைத் தடுக்கும் சிறு காகிதத் துண்டு ஒன்றையும் சேர்த்து மூடினேன். மூன்று வாரத்தில் முதல் ஜோடி ஸ்பாஞ்ச் பட்ட பக்கமெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. பஞ்சில் இருந்தது லேசாக மங்கியிருந்தது. கவரில் இருந்தது வளைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் துளியளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு படியத் தொடங்கிவிடும். 925 வெள்ளியில் நூற்றுக்கு 92.5 பங்குதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அதனால் சுத்த வெள்ளியைவிட இது சீக்கிரம் மங்கும். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். ரப்பர் கலந்த மெத்தையை மூடிய பெட்டிக்குள் வைப்பது, கந்தகத்தையும் வெள்ளியையும் ஒரே அறையில் பூட்டி வைப்பது போலத்தான். இந்த மெத்தை எதனால் ஆனது என்று விற்பவரிடம் இரண்டு முறை கேட்டேன். “நகைக்கு ஏற்றது” என்று மட்டும் பதில் வந்தது. சுடுமண், மரம், கண்ணாடி மணி விற்பவர்களுக்கு இதனால் தொல்லை இல்லை. வெள்ளியோ செம்போ பித்தளையோ விற்பவர்கள் மெத்தையை எடுத்துவிடுங்கள்.

பெட்டி சின்னதாக இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. பல கூரியர்கள் எடை, பருமன் இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம் போடுகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் பருமனுக்கான கிலோ கணக்கு வரும். முன்பு நான் அனுப்பிய வெளிப்பெட்டி 20, 15, 10. தராசில் நூறு கிராம்கூட இல்லாத பார்சலுக்கு 600 கிராம் கணக்கு! இப்போது 12, 12, 6 போதும். 173 கிராம்தான் வருகிறது.

விலைக் கணக்கில் நான் வெகுநாள் விட்டுவிட்டது பேக் செய்யும் நேரத்தை. பெட்டி மடிக்க, முத்திரை குத்த, தோட்டைத் தொங்கவிடும் சிறு அட்டையில் கொக்கி மாட்ட, நன்றிச் சீட்டு எழுத ஆறு நிமிடம். நூறு பெட்டிக்குப் பத்து மணி நேரம். அந்த நேரத்தில் நான் பன்னிரண்டு ஜோடி செய்துவிடுவேன். இப்போது பொருள், செய்கூலி, பெட்டி, பேக்கிங் நேரம், கருவித் தேய்மானம் எல்லாம் சேர்ந்ததுதான் என் அடக்கவிலை. அதை இரட்டித்தால் கடைக்குக் கொடுக்கும் விலை. அதையும் இரட்டித்தால் சில்லறை விலை. முன்பு அடக்கத்தின் இரு மடங்குக்கே நேரடியாக விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்டபோது எனக்கு ஒன்றுமே மிஞ்சாது என்று தெரிந்து, மனசில்லாமல் மறுத்தேன்.

இந்தக் கணக்குப்படி, பெட்டிக்குக் கூடும் ஒவ்வொரு காசும் விலைச்சீட்டில் நான்கு காசாக நிற்கிறது. தனக்கென்று வாங்குபவர் பெரும்பாலும் பெட்டியைத் தேடுவதில்லை. பரிசுக்கு வாங்குபவர்தான் முதல் கேள்வியாகவே “பெட்டி உண்டா?” என்பார். அதனால் பரிசு என்று சொன்னால் மட்டும் பெட்டி தருகிறேன், அதற்குத் தனி விலை வைத்து. மற்றவர்களுக்கு அட்டையும் ஜிப் கவரும்.

வேறொரு கடையில் இப்போது என் தோடுகள் இருக்கின்றன. அங்கே பெட்டிகளோடுதான் போனேன். கடைக்கார அம்மா ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, “மூடி வச்சா யார் கண்ணுல படும்? அட்டையில தொங்கவிட்டுக் கொண்டு வாம்மா” என்றார். மேலே துளை போட்டு, பின்பக்கம் உலோகத்தின் பெயரையும் ‘நனைக்க வேண்டாம்’ என்பதையும் அச்சடித்த அட்டையில் முதல் இருபது ஜோடி கொடுத்தேன். பதினான்கு விற்றன. அந்த அட்டைக்குப் பெட்டியின் எட்டில் ஒரு பங்கு செலவுகூட ஆகவில்லை.

அடுத்த முறை அட்டை முந்நூறு, பெட்டி ஐம்பது. மெத்தையில்லாமல் பெட்டி மட்டும் அனுப்ப முடியுமா என்று அதே விற்பவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.