பழைய ஓட்டு வீட்டுக்குப் புதுக் கூரை: ஷீட்டா, தளமா, மறுபடியும் ஓடா?

பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்குக் கூரை மாற்றி முடித்தாயிற்று. சீமை ஓடுதான் (மங்களூர் ஓடு) போட்டோம், கீழே மரத்துக்குப் பதிலாக இரும்புச் சட்டம். "இந்தக் காலத்துல யாராவது ஓடு போடுவாங்களா" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதே ஆட்கள் அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்கும் பார்க்கணும், எவ்வளவு ஆச்சு" என்று விசாரிக்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஓட்டுப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வீடு எப்படிப்பட்டது என்று தெரியாமல் கூரையைப் பற்றிப் பேச முடியாது. கருங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர், மேலே முன்பு இருந்தது நாட்டு ஓடு, சுமார் 6 சதுரம் (ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி). கைமரத்தில் பாதியைச் செல் அரித்திருந்தது, விட்டம் மட்டும் இரும்பு மாதிரி நின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய வீடுகள் நிறைய இதே கதைதான். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அது குடிசை வீடுகளுக்கானது, ஓட்டு வீட்டுக்காரனுக்கு அங்கே வேலையில்லை.

சிமெண்ட் ஷீட்டை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை, முதலிலேயே தள்ளிவிட்டோம். ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுக்கும்போதும் உடையும்போதும் கிளம்பும் தூசிதான் ஆபத்து. நம் ஊரில் அதை முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் அறுக்கிறார்கள். மாட்டுக் கொட்டகைக்கே யோசிக்க வேண்டிய சரக்கு, படுத்துத் தூங்கும் இடத்துக்கு வேண்டாம்.

மிச்சம் மூன்று. கலர் ஷீட் (வண்ணம் பூசிய இரும்புத் தகடு), காங்கிரீட் தளம், ஓடு.

தளம் போட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மாடி வீடு என்றால் ஒரு மதிப்பு, பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட வாசலில் நின்று மேலே ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் எடையைப் பாருங்கள். 5 அங்குலத் தளம் ஒரு சதுரத்துக்குக் கிட்டத்தட்ட 3 டன். சீமை ஓடு ஒரு சதுரத்துக்கு 140 ஓடு போல ஆகும், ஓடு இரண்டரைக் கிலோ என்று வைத்தால் 350 கிலோ. கலர் ஷீட் அரை மில்லி கனத்தில் 45 கிலோ தாண்டாது. எங்கள் வீட்டு அளவுக்குத் தளம் என்றால் 18 டன்னை மண் சாந்துச் சுவர் மேல் ஏற்ற வேண்டும். மேஸ்திரி சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தம்பி, தளம் வேணும்னா தூண் எடுக்கணும், தூண் எடுக்கணும்னா அஸ்திவாரம் தோண்டணும், அப்புறம் இந்தச் சுவர் எதுக்கு?" என்றார். அதாவது கூரை மாற்றக் கிளம்பி வீடே கட்ட வேண்டியதாகிவிடும். சிமெண்ட் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், கீழே பெல்ட் காங்கிரீட் (சுவரின் அடியில் சுற்றிப் போடும் காங்கிரீட் பட்டை) எல்லாம் இருக்கிற வீடு என்றால் கணக்கு வேறு. அங்கே தளத்தை நான் எதிர்க்க மாட்டேன், மேலே மாடி எடுக்கும் யோசனை இருந்தால் வேறு வழியே கிடையாது.

கலர் ஷீட்டுக்கு நிறைய நல்ல குணம் உண்டு. மலிவு, இலேசு, வேலை சட்டென்று முடிந்துவிடும், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நீளம் சொன்னால் அறுத்தே தருகிறார்கள். வாங்கும்போது கனத்தையும் பூச்சையும் மட்டும் பில்லில் எழுதி வாங்குங்கள். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சில் ஏ.இசட். 150 என்றால் சதுர மீட்டருக்கு 150 கிராம், இரு பக்கமும் சேர்த்து. மெல்லிய ஷீட்டும் கனமான ஷீட்டும் ஒரே நீலத்தில் பளபளக்கும், கண்ணால் பார்த்துத் தெரியாது. வெக்கையும் மழைச் சத்தமும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதை நீட்டவில்லை. சித்திரை, வைகாசியில் மழைக்கு முன்னால் சுழற்றி அடிக்கும் காற்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். இலேசான கூரையைக் காற்று கீழிருந்து தூக்கப் பார்க்கும். சட்டத்தைச் சுவரோடு நன்றாகப் பிடித்துக் கட்டாவிட்டால் ஷீட் தனியாகப் பறக்காது, சட்டத்தோடு சேர்ந்து பறக்கும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் ஷீட்தான் ஜெயித்திருக்க வேண்டும். என்னை ஓட்டுப் பக்கம் தள்ளியது ஒழுகல். எந்தக் கூரையும் ஒரு நாள் ஒழுகும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒழுகும்போது எங்கே ஒழுகுகிறது என்று வீட்டுக்காரனே கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்தால் ஆள் கூப்பிடாமல் சரி செய்ய முடியுமா, அதுதான் என் கேள்வி.

தளத்தில் முடியாது. தண்ணீர் மேலே ஒரு விரிசலில் இறங்கும், உள்ளே எந்த வழியாகவோ ஓடி, நாலடி தள்ளி மின்விசிறி கொக்கியில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பூசினால் காசுதான் போகும். சித்தப்பா வீட்டில் தட்டோடு பதித்தார்கள், அப்புறம் ஏதோ கெமிக்கல் அடித்தார்கள், ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஈரம் வேறு மூலையில் வருகிறது. அதைவிட மோசம் உள்ளே இருக்கும் கம்பி. ஈரம் பட்டுத் துருப்பிடித்தால் கம்பி உப்பும், உப்பினால் அடிப்பூச்சு பிளந்து கட்டியாக விழும். அந்த நிலைக்கு வந்த தளத்தைத் தேற்றுவது பெரிய செலவு.

ஷீட்டில் ஓட்டை இருப்பதே ஸ்க்ரூ இருக்கிற இடத்தில்தான், நாமே போட்ட ஓட்டை. அதை மூடுவது ஒரு ரப்பர் வாஷர். பகலில் ஷீட் சூட்டில் நீள்கிறது, ராத்திரி சுருங்குகிறது, ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. நூற்றுக்கணக்கான ஸ்க்ரூவில் எது என்று தேட வேண்டும். உள்ளே வந்த தண்ணீரும் நேராகச் சொட்டாது, ஷீட்டின் அடியிலேயே சரிவில் ஓடி, ஷீட்டைத் தாங்கும் அடுத்த பைப்பில் முட்டி அங்கே சொட்டும். மச்சான் ஓசூரில் கடைக்கு இந்த ஷீட்தான் போட்டிருக்கிறார், முதல் சில வருஷம் ஒரு குறையும் இல்லை, இப்போது வருஷா வருஷம் சிலிக்கான் ட்யூபோடு ஒருத்தர் மேலே ஏறுகிறார். ஏறுகிறவர் பைப் இல்லாத இடத்தில் கால் வைத்தால் ஷீட் நெளிந்து அங்கே புதிதாகத் தண்ணீர் தேங்கும்.

ஓட்டில், பகல் வேளையில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் போதும். உடைந்த ஓடு, நகர்ந்த ஓடு எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். உள்ளேயிருந்து ஒரு கழியால் மேல் ஓட்டைக் கொஞ்சம் தூக்கி, உடைந்ததை உருவி, வேறொன்றைச் செருகிவிடலாம். ஏணிகூடப் பல நேரம் தேவையில்லை, ஸ்டூல் போதும். மழை பெய்து கொண்டிருக்கும்போதே என் தம்பி ஒரு ஓடு மாற்றினான், அம்மா கீழே குண்டானைப் பிடித்துக்கொண்டு "சீக்கிரம்டா" என்று நின்றிருந்தார்கள். ஒரு ஓட்டின் விலையோடு முடிந்தது. நம் பக்கம் ஆடி, ஆவணியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. வருஷத்தில் இரண்டு தரம் கூரைக்குப் பரீட்சை நடக்கிற ஊரில் இந்த வசதி பெரிது.

சரிவான கூரையால் இன்னொரு லாபமும் உண்டு. வெளிப்பக்கம் இரண்டடி நீட்டி விட்டிருக்கிறோம், தாழ்வாரத் தண்ணீர் சுவரில் படாமல் தள்ளி விழுகிறது. மண் சாந்துச் சுவருக்கு எதிரி எடையைவிட ஈரம்தான்.

ஓடு போடுவதாக இருந்தால் சில விஷயம். புது ஓடு என்றால் ஓசூரைத் தாண்டி மாலூர், அங்கே ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் சூளைகள் நிறைய. இடித்த ரைஸ் மில், பழைய பள்ளிக்கூடக் கட்டடங்களின் ஓடும் கிடைக்கும், பழசு என்று ஒதுக்காதீர்கள். கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மழுங்கலாகக் கேட்டால் வேகாததோ கீறல் விட்டதோ, தள்ளி வைத்துவிடுங்கள். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் ஆலையில் ஆரம்பித்த ஓடு, வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை, ஆனாலும் ஆலைக்கு ஆலை அரை விரல் வித்தியாசம் இருக்கும். இரண்டு முத்திரை ஓட்டைக் கலந்தால் பள்ளத்தில் பள்ளம் உட்காராது, அந்த இடுக்கில் சாரல் அடிக்கும். ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளியையும் மேஸ்திரி சொல்லும் கணக்கில் விடாமல், வாங்கின ஓட்டில் நாலைந்தை வரிசையாக அடுக்கி அளந்த பிறகே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். இரும்புக்கு வெல்டிங் வைத்த இடமெல்லாம் ரெட் ஆக்சைடு (துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் பூச்சு) அடித்தாரா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவசரத்தில் அதைத்தான் விடுகிறார்கள். சரிவு இரண்டடி ஓட்டத்துக்கு ஓரடி உயரமாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். ஓர வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள், காற்று அங்கேதான் முதலில் கை வைக்கும்.

ஓட்டின் குறைகள்: தூசி விழும், எலியும் அணிலும் ஓடும். "மேல எது நடக்குதுன்னே தெரியல" என்று அம்மா முதல் மாதம் முழுக்கப் புலம்பினார்கள். தூசிக்குக் கட்டிலுக்கு மேல் மட்டும் சீலிங் அடித்திருக்கிறோம். முழுக்க அடித்தால் வெளிச்சம் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கும் சௌகரியமே போய்விடும்.

குரங்கு விஷயத்தில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் எப்போதாவது வரும், போகும். பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் கூட்டமாக வந்து ஓட்டைப் புரட்டிப் போடுகின்றன. அங்கே இருக்கும் பெரியம்மா வீட்டில் அதற்காகவே ஷீட்டுக்கு மாறினார்கள், நானாக இருந்தாலும் அங்கே அதைத்தான் செய்திருப்பேன். பெரிய ஆலங்கட்டி மழையையும் எங்கள் புதுக் கூரை இன்னும் பார்க்கவில்லை. மாங்காய் உதிர்கிற அளவுக்கு அடித்தால் சில ஓடு போகலாம். வீட்டை விற்கிற எண்ணம் இருக்கிறவர்களுக்கு ஓடு வேண்டாம் என்றே சொல்வேன், வாங்க வருகிறவர் ஓட்டு வீட்டை மனை விலைக்குத்தான் கேட்பார்.

வேலையைத் தை அறுவடை முடிந்து ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள், கோடை மழைக்கு முன்னால் முகட்டு ஓட்டின் சாந்து நன்றாக இறுகிவிடும். வாங்கும்போதே நூறு ஓடு கூடுதலாக, அதே முத்திரையில் வாங்கிக் கொட்டகை ஓரம் அடுக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் "மிச்ச ஓட்டைக் கொடுங்க, கோழிக் கூண்டுக்கு வேணும்" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள்.