கிரெடிட் கார்ட் இல்லாமல் காம்பிங் புக் பண்ணுகிறவர்கள் காசு போடுமுன் வாசியுங்கள்

மடுல்சீமைப் பக்கம் டென்ட் அடிக்க இடம் என்று ஒரு பேஸ்புக் பக்கத்தை நம்பி 26,500 ரூபாயைப் பறிகொடுத்தோம். 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால், கிட்டத்தட்ட இருபது நாள் கொழுந்து எடுத்த கூலி. அடுத்த போயா லீவுக்கும் நம் பிள்ளைகள் இப்படி இடம் தேடுவார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் தலவாக்கலைப் பக்கம். சித்தப்பா பிள்ளைகளும் கூடப் படித்தவர்களுமாகச் சேர்ந்து காசு சேர்த்தோம். ஒருவரிடமும் கிரெடிட் கார்ட் இல்லை. சம்பளச் சீட்டு, வருமானக் கணக்கு என்று வங்கி கேட்பதைக் கொடுக்கத் தோட்டத்து வீடுகளில் எத்தனை பேரால் முடியும்? புக்கிங் தளங்கள் எல்லாம் கார்ட் இலக்கம் கேட்ட இடத்தோடு நின்றன. அந்த நேரத்தில்தான் "கார்ட் தேவையில்லை, பேங்க்ல போட்டா போதும்" என்று இந்தப் பக்கம் வந்தது. மலை விளிம்பு, கீழே மேகம், வரிசையாக டென்ட். படங்கள் அத்தனை அழகு.

வாட்ஸ்அப்பில் பேசியவர் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். "அண்ணா, போயாவுக்கு இன்னும் மூணு டென்ட்தான் மிச்சம். இன்னைக்கே முழுக் காசையும் போட்டா உங்க பேர்ல எழுதி வைக்கிறேன்." கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "முதலாளியோட தம்பி கணக்கு அண்ணா, எல்லாரும் இதுலதான் போடுறாங்க" என்றார். டெபாசிட் மெஷினில் 22,000 போட்டு ஸ்லிப்பைப் படமெடுத்து அனுப்பினோம். உடனே லோகோ போட்ட ரசீது வந்தது. இரண்டு நாளில் இன்னொரு செய்தி: பார்பிகியூ அடுப்புக்கும் லைட்டுக்கும் 4,500 டெபாசிட், போகும்போது கையில் திருப்பித் தருவோம் என்று. அதையும் போட்டோம்.

பதுளை வரை ரயில், அங்கிருந்து பசறை வழியாக பஸ், கடைசியில் ஓட்டோ. போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நிற்கவிடாத காற்று. அங்கே இருந்த அண்ணன் ஒரு சிஆர் கொப்பியை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். "உங்க பேரு இல்லையே தம்பி. யாருக்குக் காசு போட்டீங்க?" போனைக் காட்டினோம். படத்தில் தெரிந்த நீலத் தண்ணீர்த் தாங்கி அவருடையதுதான். பக்கத்தில் நட்டிருந்த பெயர்ப் பலகையை மட்டும் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னாலும் ஆட்கள் இப்படி வந்து நின்றிருக்கிறார்களாம். அந்த நம்பருக்கு எடுத்தால் ஓஃப். பேஸ்புக் பக்கத்தில் எங்களை ப்ளொக் பண்ணியிருந்தார்கள். அந்த அண்ணன் நல்ல மனிதர். பாதிக் காசுக்கு இடம் கொடுத்து, பில் புத்தகத்தில் எழுதியும் தந்தார்.

வங்கியில் கேட்டபோது, மெஷினில் போட்ட காசு அந்த நேரமே கணக்கில் விழுந்துவிடும், கணக்குக்காரர் சம்மதிக்காமல் எங்களால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். போனில் இன்னொரு வங்கிக்கு அனுப்பினாலும் இதே கதைதான். கார்டில் கட்டியிருந்தால் 'சேவை கிடைக்கவில்லை' என்று நம் வங்கி மூலம் தகராறு எழுப்பி, காசைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். கார்ட் இல்லாதவனுக்கு அந்த வழியும் இல்லை. அதைத் தெரிந்துதான் இவர்கள் நம்மைப் போன்றவர்களைக் குறிவைக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. விசா, மாஸ்டர்கார்ட் அடையாளம் உள்ள ஏடிஎம் கார்டும் டெபிட் கார்ட்தான். அதில் ஓன்லைனில் கட்டலாம், தகராறும் எழுப்பலாம். சில வங்கிகளில் ஓன்லைன் வசதியை நாமே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதுவும் சரிவராவிட்டால், போனால் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டும் லங்கா கியூஆர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேன் பண்ணியதும், காசு போகுமுன்னே, கடையின் பெயர் திரையில் வரும். இடத்தின் பெயரும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். வங்கியில்தான் போட வேண்டும் என்றால் சின்னதாக ஒரு அட்வான்ஸ் மட்டும் போடுங்கள், மிச்சத்தை நேரில் கொடுப்போம் என்று சொல்லுங்கள். உண்மையான இடத்துக்காரர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். போடுமுன் வீடியோ கோல் எடுத்து அந்த இடத்தைக் காட்டச் சொல்வதும் நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் உள்ளது. நக்கிள்ஸ் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துடையது. அங்கெல்லாம் தங்க அனுமதி திணைக்களத்திடம்தான் எடுக்க வேண்டும். யாரோ ஒருவர் தன் சொந்தக் கணக்கு இலக்கத்தை அனுப்பி அங்கே இடம் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். காசும் போகும், அனுமதி இல்லாமல் உள்ளே நின்ற குற்றமும் நம் தலையில் விழும்.

ஏமாந்துவிட்டால் ஸ்லிப்பை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பொலிஸில் எங்கள் முறைப்பாட்டை முதலில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். தமிழில் எழுதுங்கள் என்று கேட்டோம், எழுதினார்கள். தமிழும் அரச கரும மொழி, தயங்காமல் கேளுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம்.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில், அதே நீலத் தாங்கிப் படத்தோடு ஓடுகிறது. நீங்களும் அவர்களுக்குக் காசு போட்டிருந்தால், தொகை சின்னது என்று விட்டுவிடாமல் உங்கள் ஊர்ப் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். அதன் இலக்கத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்பினால், எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.