அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே: செட்டப் தேடி அலையும் முன் டயர் காற்றைப் பாருங்கள்

இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2019 மே மாதம் பிசிக்கு வெளியிட்ட இந்த கேமை எல்லோரும் ஏசிசி என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். முக்கியமாக ஜிடி3 (சாலைக் கார்களிலிருந்து உருவாக்கிய ஒரு வகை) ரேஸ் கார்களுக்காகக் கட்டியது. ஜிடி4, ஜிடி2 எல்லாம் பின்னால் தனி விலையில் வந்து சேர்ந்தவை. கியர் கம்பியைப் பிடித்து, கிளட்சை மிதித்து, குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டி ஓட்டத்தான் ஆசை என்றால் இதில் காசு போடாதீர்கள். அதற்கு இவர்களுடைய பழைய அசெட்டோ கோர்சாவே போதும். ஏசிசியில் கியர் முழுக்க ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் பேடிலில்தான்.

பேடில்தானே, இதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும். கியர் ஏற்றும்போது காலை எடுக்க வேண்டியதில்லை, அந்த நொடியில் இன்ஜினின் விசையைக் கம்ப்யூட்டரே துண்டித்துக்கொள்ளும். இறக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தட்டிவிடுவதும் அதன் வேலை. உங்கள் வேலை நேரம் பார்ப்பது மட்டும். பெரும்பாலானோர் காரைச் சுழலவிடுவதும் அந்த நேரக்கணக்கில்தான்.

இத்தாலியின் மொன்ஸா தடத்தில் முதல் சிகேனை (வேகத்தைக் குறைக்க வைத்த நெளிவு வளைவு) எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் கியரில் வந்து இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டும், நான்கு தட்டு. பிரேக்கை மிதித்த வேகத்திலேயே நான்கையும் படபடவென்று தட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஆர்பிஎம் (இன்ஜினின் சுழற்சி வேகம்) எல்லை மீறும் என்றால் கார் அந்தத் தட்டை ஏற்காது. நீங்கள் இரண்டாம் கியரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூன்றில் வெளியேறுவீர்கள், கார் இழுக்காது. ஒவ்வொரு தட்டையும் எல்லைக்குச் சற்றுக் கீழே ஏற்றுக்கொண்டால் இன்னும் மோசம். பிரேக் ஒருபக்கம், இன்ஜின் பிடிப்பு ஒருபக்கம் என்று பின்சக்கரங்களின் மீது இரண்டும் சேர்ந்து விழும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியிருந்தால்கூடப் போதும், வால் முன்னால் வந்துவிடும். நடுவில் இன்ஜின் உள்ள ஃபெராரி 488, ஆடி ஆர்8 போன்றவற்றில் இது இன்னும் சட்டென்று நடக்கும்.

முதல் தட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கி, நான்கையும் பிரேக் தூரம் முழுக்கப் பரப்புங்கள். கடைசித் தட்டு ஸ்டியரிங் திரும்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் வால் ஆடினால் பிரேக் பயாஸை (பிரேக் விசையை முன்சக்கரம், பின்சக்கரம் என்று பிரிக்கும் அளவு) அரை சதவீதம் முன்னால் தள்ளுங்கள். அதே ஓட்டத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

மூலையிலிருந்து வெளியே வரும்போது நேர் எதிரான பழக்கம் தேவை. மெர்சிடீஸ் ஏஎம்ஜியின் 6.2 லிட்டர் வி8 போன்ற முறுக்கு மிகுந்த இன்ஜினில் மூன்றாம் கியரைச் சற்று முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பின்சக்கரம் வழுக்குவது குறையும், டிசி (சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல்) விளக்கு மினுங்குவதும் குறையும். அந்த விளக்கு எரியும் ஒவ்வொரு கணமும் இன்ஜினின் விசை வெட்டப்படுகிறது என்று பொருள்.

லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வைத்திருப்பவர்கள் இரண்டு அமைப்புகளைச் சரிசெய்யாமல் இதில் எதையும் பழக முடியாது. ஸ்டியரிங் சுழலும் அளவு லாஜிடெக்கின் டிரைவர் மென்பொருளில் 900 டிகிரி என்றால் கேமின் ஸ்டியர் லாக்கிலும் 900 என்றே இருக்க வேண்டும். அடுத்தது பிரேக். அதன் பெடலுக்குள் ஒரு ரப்பர் துண்டு இருக்கிறது. பாதிவரை இலகுவாகப் போய்ப் பிறகு திடீரென்று கல்லாகிவிடும். பிரேக் காமா என்ற அமைப்பை 1.0 இலிருந்து 2க்கு மேல் ஏற்றிப் பாருங்கள். மிதிப்பின் தொடக்கம் மென்மையாகும், காலை மெல்ல மெல்ல விடுவிக்கவும் இடம் கிடைக்கும்.

இனி செட்டப், அதாவது காரின் அமைப்புகள். டயர், எலெக்ட்ரானிக்ஸ், எரிபொருளும் உத்தியும், மெக்கானிக்கல் கிரிப், டேம்பர், ஏரோ என்று ஆறு பக்கங்கள். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். லாப நஷ்டம் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய செட்டப் கோப்பும் கைகொடுக்காமல் போவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

உலர்ந்த தடத்துக்கான டயரின் காற்றழுத்தம், சூடேறிய பிறகு, 26 முதல் 27 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும், 26.5ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மழை டயருக்கு 30ஐச் சுற்றி. பழைய வீடியோக்களில் 27.3 முதல் 27.8 என்று சொல்வார்கள். 2023இல் வந்த 1.9 பதிப்பு டயரையே மாற்றிவிட்டதால் அந்தக் கணக்கு செல்லாது. அதற்கு முந்தைய கோப்பை அப்படியே ஏற்றினால் டயர் பலூன் மாதிரி நிற்கும், கார் மூலைக்கு மூலை வழுக்கும்.

அழுத்தம் பிடிக்கும் முறை இது. பந்தயத்துக்கான எரிபொருளையே நிரப்பி நான்கைந்து சுற்று ஒரே வேகத்தில் ஓடுங்கள். திரையில் நான்கு டயருக்கும் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் இடது 27.2 என்றால், குளிர்நிலை அழுத்தத்தில் 0.6 குறைத்து மறுபடி வெளியே போங்கள். மொன்ஸா போல வலஞ்சுழியாக ஓடும் தடத்தில் இடப்பக்க டயர்கள்தான் அதிகம் சுமக்கும், அதிகம் சூடாகும். அதனால் இடது வலது இரண்டுக்கும் ஒரே எண் வைப்பது தவறு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.1 பிஎஸ்ஐ குறைக்க வேண்டும் என்பது கைக்கணக்கு. வேறொருவர் 22 டிகிரியில் செய்த கோப்பு 30 டிகிரி சர்வரில் ஏன் சொதப்புகிறது என்பது இதிலேயே புரியும்.

இதில் கேம் வைத்திருக்கும் ஒரு பொறி பலரை விழுங்கியிருக்கிறது. டயர் பக்கத்தில் நீங்கள் வைக்கும் அழுத்தம் தொடக்க டயருக்கு மட்டும். பந்தயத்தின் நடுவே பிட்டில் (டயர் மாற்ற நிற்கும் இடம்) மாட்டும் அடுத்த செட்டுக்கான அழுத்தம் உத்திப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதை மறந்தால் பிட்டிலிருந்து வேறு ஒரு கார் வெளியே வரும். இரண்டையும் ஒரே இடத்தில் காட்டியிருக்கலாம், செய்யவில்லை.

எரிபொருளுக்குச் சின்னக் கணக்கு போதும். 20 நிமிடப் பந்தயம், சுற்றுக்கு 110 நொடி என்றால் 11 சுற்று. நேரம் முடியும் தறுவாயில் முன்னணிக் கார் கோட்டைத் தாண்டினால் இன்னொன்று, பந்தயம் தொடங்கும் முன் வரிசையாக ஓடும் ஃபார்மேஷன் சுற்று ஒன்று, ஆக 13. சுற்றுக்கு 3.2 லிட்டர் என்று திரை காட்டினால் 41.6 வரும், 43 வையுங்கள். 60 லிட்டர் போட்டுக்கொண்டு போகிறவர் 12 கிலோவுக்கு மேல் வீணாகச் சுமக்கிறார்.

மற்ற பக்கங்களில் இப்போதைக்கு மூன்று இடம் போதும். மெதுவான மூலையில் முன்பக்கம் திரும்ப மறுத்தால் முன் ஆன்டிரோல் பாரை (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு படி தளர்த்துங்கள். வேகமான மூலையில் மட்டும் மறுத்தால் பின்பக்க உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏற்றுங்கள். அளவு மீறினால் பிரேக் பிடிக்கும்போதே பின்பக்கம் மிதக்கும், எனவே பின் விங்கையும் ஒரு கிளிக் சேர்க்க வேண்டிவரும். ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் திரும்பாமல் நேராக ஓடினால் டிஃபரன்ஷியல் பிரீலோடை (பின்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதைத் தடுக்கும் பிடி) குறையுங்கள். கியர் விகிதத்தை மாற்ற இடமே இல்லை, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டேம்பர் பக்கத்தைத் திறக்காமலே பல மாதம் ஓட்டலாம்.

ஆன்லைன் பக்கம் பாதி நல்லது, பாதி எரிச்சல். சர்வர்கள் தடப் பதக்கமும் (ஒவ்வொரு தடத்திலும் உங்கள் ஓட்டத்துக்குக் கேம் தருவது) சேஃப்டி ரேட்டிங்கும் கேட்கும். அந்த ரேட்டிங் யாருமில்லாத இடத்தில் தனியே ஓடினால் ஏறாது. மற்ற கார்களை ஒட்டி, இடிக்காமல் ஓடினால்தான் ஏறும். இந்த ஏற்பாடு சரியானதே. ஆனால் நிறைந்திருக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் இருப்பதால், இங்கிருந்து சேர்பவருக்குப் பிங் (தரவு போய்வரும் தாமதம்) கூடுதல். பக்கத்தில் ஓடும் காருக்கு அரைக் கார் அகலம் கூடுதலாகவே இடம் விடுங்கள். மழையும் முழு வரிசையும் சேரும்போது அன்ரியல் இன்ஜின் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டைத் திணறடிக்கும். கண்ணாடிகளின் தரத்தையும் திரையில் தெரியும் கார்களின் எண்ணிக்கையையும் குறைப்பதுதான் முதல் மருந்து.

எந்தக் காரில் தொடங்கலாம்? ஜிடி3க்கு முன், அடிப்படை கேமிலேயே உள்ள போர்ஷே 991 கப் காரில் சில நாள் ஓடுங்கள். ஏபிஎஸ், டிசி இரண்டும் கிடையாது, பிரேக்கில் கால் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி ஓட்டித் தன் வகுப்பில் மூன்றாமிடம் பிடித்த போர்ஷே 992 கப் கார்தான் வேண்டும் என்றால் சேலஞ்சர்ஸ் பேக்கைத் தனியாக வாங்க வேண்டும். ஸ்டீம் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், அடிக்கடி வருகிறது.