பில்லோவா, ஓப்பன்சிவியா, லிப்விப்ஸா?

பைத்தான் நிரல்மொழியில் படங்களோடு வேலை என்றதும் பலர் யோசிக்காமல் ஓப்பன்சிவி என்ற நூலகத்தை (ஆயத்த நிரல்தொகுப்பை) நிறுவிவிடுகிறார்கள். படத்தைச் சிறிதாக்கி, ஓரத்தில் ஊர்ப்பெயர் போடுவதற்கு அது எதற்கு? 1999-இல் இன்டெல்லில் தொடங்கிய ஓப்பன்சிவி, கணினிக்குப் பார்வை கொடுக்க எழுதப்பட்டது. முகத்தைக் கண்டுபிடிக்க, கேமராக் காட்சியை ஓட ஓட அலச அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கும். மாற்றாமல் வேறு நூலகத்திடம் கொடுத்தால் முகமெல்லாம் நீலம் பூத்துவிடும். கோப்பு இல்லாவிட்டாலும் நிரலை நிறுத்தாது, வெறுங்கையோடு திரும்பும். நிரல் விழுவது நாலு வரி தள்ளித்தான்.

2010-இல் பிஐஎல் என்ற பழைய பட நூலகத்திலிருந்து கிளைத்த பில்லோ அப்படியில்லை, கோப்பு இல்லையென்றால் உடனே சொல்லிவிடும். திறக்க, வெட்ட, சேமிக்க மூன்று வரி போதும். ஒரே தொல்லை, போனில் எடுத்த படம் படுத்துக்கொண்டு வரும்; படக்கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலைப் பார்த்து நாம்தான் நிமிர்த்த வேண்டும். ஓப்பன்சிவி அதைத் தானே செய்துவிடும்.

சரி, ஊர்ப்பெயருக்கு வருவோம். ஓப்பன்சிவி 4-இல் எழுத்து வரையும் கட்டளைக்குத் தமிழே தெரியாது, கேள்விக்குறிகளாகக் கொட்டும். பில்லோவில் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் வரும், ஆனால் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம் என்ற துணை நூலகம் இயங்க வேண்டும். இல்லையென்றால் ‘தேனி’யின் இரட்டைக்கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. ராக்ம் இருக்கிறதா என்று பில்லோவிடமே கேட்கலாம், ஒரு வரிதான்.

படங்கள் ஆயிரக்கணக்கில் குவியும் சர்வரில் கதை வேறு. 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட படம் வட்டில் நாலைந்து எம்பிதான் இருக்கும். முழுதாக விரித்தால் நினைவகத்தில் 36 எம்பி. ஒரே நேரத்தில் ஐம்பது பேர் ஏற்றினால் 1,800 எம்பி! மூன்றாவது நூலகமான லிப்விப்ஸ் படத்தைப் பெரும்பாலும் முழுதாக விரிப்பதில்லை. தேவையான பகுதியை மட்டும் எடுத்து, வேலையை முடித்து அடுத்ததற்கு நகரும். லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களைப் பெரிய அளவில் படமாக்கும் திட்டத்தில் வளர்ந்ததல்லவா, அந்தச் சிக்கனம் அப்போதே வந்தது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்காரர்கள் பயன்படுத்தும் ஷார்ப் என்ற பட நூலகத்துக்குள் இருப்பதும் இதுவே. பைத்தானில் இதைப் பழக ஒரு நாள் பிடிக்கும், உதாரணங்களும் குறைவு.

என் வழக்கம்: பில்லோவில் ஆரம்பிப்பேன், நினைவகம் திணறும்போது லிப்விப்ஸுக்கு மாறுவேன். அங்கே எழுத்தை வரைவது, எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரிந்த பாங்கோ என்ற நூலகம் என்பதால் தேனியின் கொம்பும் இடம் மாறுவதில்லை.