காரைக்குடி அனாடமி டியூஷன்: பேத்தியோடு நானும் உட்கார்ந்தேன்

பேத்தி பிசியோதெரபி முதல் வருஷம். அனாடமி பேர் ஒன்றும் மனசில் நிற்கவில்லை என்று அழுதாள். காரைக்குடி செக்காலைப் பக்கம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், ஞாயிறு காலையில் தன் வீட்டு முகப்பில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். மாதம் 600 ரூபாய். துணைக்குப் போன நானும் நாலு வாரம் கேட்டேன். 30 வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவள்; வாயாரச் சொல்கிறேன், அருமையான வகுப்பு.

முதல் நாள் மண்டையோட்டு மாடலைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற பெரிய துளைக்குள் விரலை விட்டார். “மூளையும் தண்டுவடமும் சேருகிற வாசல். ஃபோரமென் மேக்னம்.” தொடையின் உள்தசையைக் காட்டி, “அடக்டர் மேக்னஸ்.” பாதத்திலிருந்து தொடை இடுக்கு வரை ஏறும் சிரையைத் தொட்டு, “வீனா சஃபீனா மேக்னா.” மூன்றும் லத்தீன் பேர்; மூன்றிலும் வருவது ‘பெரிய’தான். வால் மட்டும் ஏன் மூன்று விதம்?

“பெரியவன், பெரியவள், பெரியது” என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பெரிய பையன், பெரிய பொண்ணு, பெரிய வீடு என்று நம் பெயரடை அசையாது. லத்தீனில் அதுவும் பெயரோடு சேர்ந்து பால் மாறும். அதுவும் பொருளைப் பார்த்து அல்ல, சொல்லைப் பார்த்து. தசை, சிரை, துளை எல்லாம் நமக்கு அஃறிணை. அவர்களுக்கோ மஸ்குலஸ் ஆண்பால், வீனா பெண்பால், ஃபோரமென் மட்டும் அஃறிணை. தசைப் பேர்களில் ‘மஸ்குலஸ்’ தொக்கி நிற்கும்; அதனால்தான் மேக்னஸ். அதைவிடப் பெரியது மேஜர், எல்லாவற்றிலும் பெரியது மேக்ஸிமஸ்: மார்பில் பெக்டோராலிஸ் மேஜர், பிட்டத்தில் குளூட்டியஸ் மேக்ஸிமஸ். இங்கிலீஷ்காரர்கள் தசையையும் துளையையும் லத்தீனிலேயே விட்டுவிட்டு, சிரையை மட்டும் ‘கிரேட் சஃபீனஸ் வெயின்’ ஆக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் குழம்பும் இடம் இது. அதைத் தனியாக எடுத்துச் சொன்னார்.

குறையும் உண்டு. அச்சடித்த குறிப்பு கிடையாது. பைசெப்ஸ் தசையின் இரண்டு தலைகளான கேபுட் லாங்கம் (நீளத் தலை), கேபுட் பிரெவே (குட்டைத் தலை) இரண்டையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார். ‘பிரெவிஸ்’ ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்றே, அஃறிணைக்குத்தான் ‘பிரெவே’ என்பது பாதிப் பேருக்கு ஏறவில்லை. அடுத்த வாரம் கேட்டதும், முகம் சுளிக்காமல் போர்டில் மறுபடி எழுதினார்.

போன ஞாயிறு தேவகோட்டை பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். “அப்பத்தா, குடலுக்கு முன்னால தொங்குற திரைக்கு ஒமென்டம் மேஜஸ்னு போட்டிருக்கு. ஒமென்டம் அஃறிணை, அதான் மேஜர் இல்லாம மேஜஸ், சரியா?”